சிதறிய கற்களும் ஒரே வீழ்ச்சியும்

கோணேசர் மலையை அறியாதார் எமது மாவட்டத்தில் இலர். அம்மலையின் மீது விளங்கிய பழந்திருக்கோயில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது என்பதும், அதன் கற்களைக் கொண்டே அவர்கள் கோட்டை கட்டினர் என்பதும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. கோட்டை வாயிலிலே இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். 1950ஆம் ஆண்டிலே கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டிலே ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவர் மலையடிக் கடலிலே சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர்.

மதிலிலே சில, மண்ணிலே சில, கடலிலே சில என்று கிடைத்த இவை யாவும் ஒரே கோயிலுக்கு உரியனவா? மலையிலே ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்தன என்று போர்த்துக்கேயர் எழுதி வைத்துள்ளனர். அவ்வாறாயின், கடலிலே கிடந்த தூண் எந்தக் கோயிலின் தூண்? மதிலிலே பதித்த கல் எந்தக் கோயிலின் கல்? இரண்டும் ஒரே நாளில் வீழ்ந்தவையா? கல்லைக் கண்டவுடன் கைகூப்புவது பக்தி. அதன் பின் இவ்வினாக்களைக் கேட்பது வரலாறு.

இதே வினாவை வேறு வகைக் கற்களைப் பற்றி உலகத்து அறிஞர் 200 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். வானத்திலிருந்து வீழும் ஆகாயக்கற்களே அவை. ஓரிடத்தில் ஒரு கல்லும், நெடுந்தூரத்தில் மற்றொரு கல்லும் அகப்பட்டால், இரண்டும் ஒரே வீழ்ச்சியின் துண்டுகளா, அன்றி வெவ்வேறு காலத்தில் வந்து வீழ்ந்தவையா என்று தீர்மானிப்பது எவ்வாறு? அதன் வரலாற்றை எமது சங்க அன்பர்களுக்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானம் கல் பொழியுமா?

கல்மாரி பெய்த கதை எமது புராணங்களிலே உண்டு. எம்போன்றோர் கற்ற மிஷன் பாடசாலைகளிலே ஓதப்படும் விவிலியத்திலும், யோசுவாவின் ஆகமத்திலே வானத்திலிருந்து பெருங்கற்கள் வீழ்ந்தமை கூறப்படுகின்றது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞருட் பலர் இவற்றைக் குடியானவரின் கட்டுக்கதை என்றே தள்ளினர். கல் மண்ணுக்கு உரியது. வானத்திலே கல் ஏது என்பது அவர் வாதம்.

1794ஆம் ஆண்டிலே கிளாட்னி என்னும் ஜேர்மானியர், சைபீரியாவிலே கிடந்த ஒரு பெரிய இரும்புப் பிண்டத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, அது விண்வெளியிலிருந்து வந்ததே என்று சாதித்தார். நகைத்தவரே மிகுதி. ஆனால் அவ்வாண்டு தொட்டே வானம் அவருக்குச் சாட்சி சொல்லத் தொடங்கியது போலும். 1794 ஜூன் மாதத்திலே இத்தாலியின் சியெனா நகருக்கு அருகிலே கற்கள் வீழ்ந்தன. 1795 டிசம்பர் 13ஆந் தேதி இங்கிலாந்தின் வோல்ட் கொட்டேஜ் என்னுமிடத்திலே 56 இறாத்தல் எடையுள்ள கல் வயலிலே வீழ்ந்தது. 1798 டிசம்பர் 19ஆந் தேதி இரவிலே காசிக்கு அருகே தெளிந்த வானத்திலிருந்து பேரொளியோடு கற்கள் சொரிந்தன.

இவற்றிடையே எமது கரையும் ஒரு சாட்சியைக் கொடுத்தது என்பதை எம்மவருள் அறிந்தார் சிலரே. 1795 ஏப்ரில் 13ஆந் தேதி முல்லைத்தீவிலே ஆகாயக்கல் வீழ்ந்தது. திருகோணமலையிலிருந்து காக்கை பறக்கும் வழியில் அது ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தூரம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலே ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எமது துறைமுகத்தைக் கைப்பற்றினர். துறைமுகம் கைமாறிய செய்தி எல்லாச் சரித்திர நூல்களிலும் ஏறியது. வானத்திலிருந்து வந்த விருந்தாளியின் செய்தியோ உலகத்து ஆகாயக்கற் பட்டியல்களிலே ஒற்றை வரியாக நின்றது. அக்கல்லிலே இன்று பேணப்படுவது உள்ளங்கையில் அடங்கும் சிறு துண்டே.

இங்கேதான் எமது வினா உயிர் பெறுகின்றது. தென்னமரவடியிலோ புல்மோட்டையிலோ குச்சவெளியிலோ ஒருவர் நாளை கறுத்த கனமான கல் ஒன்றைக் கண்டெடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அது 1795இல் வீழ்ந்த கல்லின் உடன்பிறப்பு என்று சொல்லத் துணியலாமா? இவ்வினாவைக் கையிலே பிடித்துக்கொண்டே மேற்செல்வாம்.

ஒத்த உருவம் ஒரே வீழ்ச்சி ஆகாது

1802ஆம் ஆண்டிலே எட்வேட் ஹவாட் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், காசி, சியெனா, வோல்ட் கொட்டேஜ், பொஹீமியாவின் தாபோர் ஆகிய நான்கிடங்களிலே வீழ்ந்த கற்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். நான்கும் ஒன்றையொன்று வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. நான்கிலும் இரும்புத் துகள்கள். அவ்விரும்பிலே நிக்கல் என்னும் உலோகம். நெடுந்தூரத்து நாடுகளிலே, வெவ்வேறு ஆண்டுகளிலே வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்தும், வீழ்ந்த நிலத்தின் கற்களோடு ஒவ்வாமலும் இருந்தமையால், அவை அவ்வந்நிலத்திலே தோன்றியவை அல்ல என்பது தெளிவாயிற்று.

ஹவாட்டின் ஆராய்ச்சியால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அதிலே அடங்கிய மற்றொரு பாடத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். அந்நான்கு கற்களும் வெவ்வேறு வீழ்ச்சிகளைச் சேர்ந்தவை என்பதற்குக் கண்கண்ட சாட்சிகள் இருந்தனர். சாட்சிகள் இல்லாதிருந்து, நான்கும் ஒரே வயலிலே கிடந்திருப்பின், அக்காலத்து அறிஞர் அவற்றை ஒரே வீழ்ச்சி என்றே எழுதியிருப்பர். இன்றைய பகுப்பின்படி தாபோர்க் கல் இரும்பு மிகுந்த 'எச்' குலத்தது. வோல்ட் கொட்டேஜ் கல் இரும்பு குறைந்த 'எல்' குலத்தது. காசிக் கல்லும் சியெனாக் கல்லும் இரும்பு மேலுங் குறைந்த 'எல் எல்' குலத்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியவை மூன்று குலத்தவை! எமது முல்லைத்தீவுக் கல் 'எல்' குலத்தைச் சேர்ந்தது.

நிலம் சொல்லும் சாட்சி

1803 ஏப்ரில் 26ஆந் தேதி பிரான்சு தேசத்து லேகிள் என்னும் ஊரைச் சுற்றிலும் பட்டப்பகலிலே ஏறத்தாழ 3,000 கற்கள் வீழ்ந்தன. அதனை விசாரிக்கும்படி அரசாங்கம் பியோ என்னும் இளம் பௌதிக அறிஞரை அனுப்பியது. அவருக்கு அப்போது வயது 29. அவர் கற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு திரும்பினாரல்லர். கிராமங்கள் தோறும் நடந்தார். பாதிரிமாரையும் உழவரையும் பெண்களையும் தனித்தனி வினாவினார். இதற்கு முன் அவ்வூரார் வீடுகளிலோ, கல்லகழும் இடங்களிலோ அத்தகைய கல் இருந்ததுண்டா என்று தேடினார். இல்லை என்று கண்டார். பின்பு கற்கள் வீழ்ந்த இடங்களைப் படத்திலே குறித்தார். அவை நீண்ட முட்டை வடிவான ஒரு பரப்பினுள், அதாவது சுமார் 10 கிலோமீற்றர் நீளமும் 4 கிலோமீற்றர் அகலமுமான நிலத்தினுள் அடங்கின. பெரிய கற்கள் ஒரு முனையை நோக்கியும் சிறியவை மறுமுனையை நோக்கியும் கிடந்தன.

இதன் காரணம் எளிது. சாய்வாக வரும் பெருங்கல் உயரத்திலே வெடித்துச் சிதறும்போது, சிறு துண்டுகளைக் காற்று விரைவிலே தடுத்து வீழ்த்திவிடுகின்றது. கனத்த துண்டுகளோ முன்னோக்கிச் செல்லுகின்றன. சுளகிலே நெல்லைப் புடைக்கும் போது பதர் ஒருபுறமும் மணி ஒருபுறமும் சேர்வதை எமது தாய்மார் நாள்தோறும் காட்டுகின்றனரே, அதுவே இது. ஆகவே, கல் கிடந்த இடமும் அதன் எடையும் சேர்ந்து ஒரு சாட்சியாகின்றன. இடத்தைக் குறியாது எடுத்த கல், அச்சாட்சியின் வாயைக் கட்டிவிடுகின்றது.

தமிழகத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1857 பெப்ருவரி 28ஆந் தேதி நண்பகலிலே, மதுரைக்குத் தெற்கே, ஆங்கில ஏடுகள் பர்னாலி என்று எழுதும் ஊரிலே, ஒன்றுக்கொன்று சில மைல் இடைவெளியில் இரண்டு கற்கள் வீழ்ந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளன. மக்கள் ஓசையைக் கேட்டனர்; கல் வீழ்ந்ததைக் கண்டனர்; நாளும் பொழுதும் குறிக்கப்பட்டன. ஆதலின் இரண்டும் ஒரே வீழ்ச்சி என்பதில் ஐயமில்லை. அதற்கு மாறாக, 1898ஆம் ஆண்டிலே கொடைக்கானலிலே கண்டெடுக்கப்பட்ட சுமார் 16 கிலோகிராம் எடையுள்ள இரும்புக்கல் என்று வீழ்ந்தது என்பதற்குச் சாட்சி சொல்வார் எவருமிலர். முன்னதை 'வீழ்ச்சி' என்றும் பின்னதை 'கண்டெடுப்பு' என்றும் அறிஞர் பிரித்து எழுதுவர். எமது ஆராய்ச்சிக்கு உரிய சிக்கல் முழுவதும் கண்டெடுப்புகளிலேயே தங்கியுள்ளது.

கிரீன்லாந்தின் இரும்பு

1818ஆம் ஆண்டிலே வடகிரீன்லாந்துக்குச் சென்ற ஜோன் றொஸ் என்னும் மாலுமி, அங்குள்ள இனுவிற் மக்கள் இரும்பலகு பதித்த கத்திகளை வைத்திருப்பதைக் கண்டு வியந்தார். இரும்பு உருக்க அறியாத, மரமும் வளராத அந்நாட்டிலே இரும்பு ஏது? வானத்திலிருந்து வந்த இரும்புப் பாறைகளைத் தட்டி எடுத்தே அம்மக்கள் கருவி செய்தனர். அமெரிக்கரான பியரி 1894ஆம் ஆண்டிலே அவ்விடத்தை அடைந்து, 'பெண்', 'நாய்', 'கூடாரம்' என அம்மக்கள் அழைத்த மூன்று பாறைகளை 1897ஆம் ஆண்டுக்குள் கப்பலேற்றி நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றார். அவற்றுட் பெரியது 31 தொன். அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய இரும்பு அவர்கள் நாட்டைவிட்டே போயிற்று என்பதையும் இவ்விடத்தே சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

பின்பு 1913ஆம் ஆண்டிலே சாவிக் என்னுமிடத்தில் 3 தொன்னுக்கு மேற்பட்ட மற்றொரு பாறையும், 1963ஆம் ஆண்டிலே புக்வால்ட் என்னும் தேனிய அறிஞரால் 20 தொன் எடையுள்ள இன்னொரு பாறையும் கண்டுபிடிக்கப்பட்டன. இத்தனையும் ஒரே வீழ்ச்சியா? அறிஞர் அவற்றிலே மிகச் சிறு அளவிலே கலந்துள்ள இரிடியம், கலியம், பொன் முதலிய மூலகங்களை அளந்தனர். பாறைக்குப் பாறை அளவு வேறுபட்டது. வேறுபாட்டைக் கண்ட மாத்திரத்தில் வெவ்வேறு வீழ்ச்சி என்று முடிவு செய்திருக்கலாம். ஆனால் அவ்வேறுபாடு ஒழுங்கற்றதன்று. ஒரு மூலகம் ஏற மற்றொன்று இறங்க, எல்லாப் பாறைகளும் ஒரே கோட்டிலே வரிசையாக நின்றன. ஒரு பெரும் பிண்டம் உருகிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல இறுகும்போது உண்டாகும் வரிசை அது. இவ்வரிசையை 1982ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சி விளக்கிக் காட்டியது. ஆகவே வேறுபாடு கண்டும், ஒழுங்கு கண்டு, ஒரே வீழ்ச்சி என்று துணிந்தனர்.

பனிக்கட்டியின் மேல் ஒன்பது கற்கள்

1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே யப்பானிய ஆராய்ச்சிக் குழுவொன்று அந்தாட்டிக்காக் கண்டத்தின் யமாட்டோ மலைகளுக்கு அருகே, நீலப் பனிக்கட்டியின் மேல் ஒன்பது ஆகாயக்கற்களைக் கண்டெடுத்தது. ஒன்பதும் சில மைல் பரப்பினுள் கிடந்தன. ஆளரவமற்ற வெண்பனியிலே அத்தனை கற்கள் அருகருகே கிடந்தால், ஒரே கல் சிதறிய துண்டுகள் என்று எவரும் எண்ணுவர். ஆய்வுகூடத்திலே பார்த்தபோதோ அவை பல்வேறு வகையினவாக இருந்தன. ஒரே வீழ்ச்சியாக இருத்தல் இயலாது.

அப்படியாயின் அவற்றை ஓரிடத்திலே சேர்த்தது எது? பனிக்கட்டியே. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கண்டமெங்கும் வீழ்ந்த கற்களை அசையும் பனிக்கட்டி சுமந்து சென்று, மலை மறித்த இடத்திலே தேங்க, காற்று அப்பனியை அரித்துவிடக் கற்கள் மட்டும் எஞ்சுகின்றன. இவ்வுண்மை தெரிந்த பின்பு பல நாட்டாரும் அங்கே தேடத் தொடங்கி, இதுவரை பல்லாயிரக்கணக்கான கற்களைச் சேர்த்துள்ளனர். 'அருகருகே கிடந்தன, ஆதலின் ஒன்று' என்னும் எண்ணத்தை அந்த ஒன்பது கற்கள் உடைத்தெறிந்தன.

குலம், பிரிவு, வரவு

மேற்கூறியவற்றால், உருவ ஒப்புமையும் போதாது, அயலிலே கிடத்தலும் போதாது என்பது பெறப்பட்டது. வேறு எதனைக் கொண்டு துணிவது? இன்றைய அறிஞர் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர் எனச் சுருக்கிக் கூறலாம். இக்கல் எந்தக் குலத்தது? தாய்ப் பாறையை விட்டு எப்போது பிரிந்தது? பூமிக்கு எப்போது வந்தது?

குலத்தை இரசாயனம் சொல்லும். இரும்பின் அளவும், கனிப்பொருள்களின் அமைப்பும், ஒட்சிசன் சமதானிகளின் விகிதமும் குலத்தைக் காட்டுவன. குலம் வேறுபடின் பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். குலம் ஒன்றாயினும் வழக்கு முடியாது. பூமியிலே வீழும் கற்களில் மிகப் பெரும்பகுதி 'எச்', 'எல்' என்னும் இரு குலங்களுக்கே உரியது. ஒரே ஊரிலே கந்தையா என்னும் பெயருடையார் இருவரைக் கண்டு, இருவரும் ஒருவரே என்று சொல்லலாமா?

பிரிவின் காலத்தை விண்வெளிக் கதிர்கள் சொல்லும். தாய்ப் பாறையின் உள்ளே புதைந்திருக்கும் வரையில் கல்லைக் கதிர்கள் தீண்டா. உடைந்து வெளிப்பட்ட நாள் முதல் கதிர்கள் அதனைத் தாக்கிப் புதிய அணுக்களை உண்டாக்குகின்றன. அவற்றை எண்ணினால், கல் எத்தனை ஆண்டு விண்வெளியில் அலைந்தது என்பது புலப்படும். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'எச்' குலத்துக் கற்களிற் பெருந்தொகையானவை ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தாயை விட்டுப் பிரிந்தவை. ஒரே மோதலிலே பிரிந்து, வெவ்வேறு வழியில் அலைந்து, வெவ்வேறு காலத்தில் இங்கு வந்தன. ஒருமித்துப் புறப்பட்டவர் ஒருமித்து வந்து சேருவர் என்பது நியதியன்று.

சுவீடன் தேசத்திலே இதற்கு அருமையான சான்று கிடைத்துள்ளது. தோர்ஸ்பேர்க் என்னும் சுண்ணக்கல் அகழியிலே, கல்லோடு கல்லாக இறுகிப்போன பழைய ஆகாயக்கற்கள் நூறுக்கு மேல் எடுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் 'எல்' குலத்தின் தாய்ப்பாறை பெரும் மோதலிலே நொறுங்கியதால் வந்தவை அவை. அவற்றில் ஏறக்குறைய எல்லாம் ஒரே குலம். ஒரே மோதலின் பிள்ளைகள். ஆனால் அவை கிடந்த அடுக்குகளோ ஒன்றன்மேல் ஒன்றாக நீண்ட காலம் படிந்தவை. ஆகவே வீழ்ச்சிகள் பல.

இனி வரவின் காலம். கல் பூமியை அடைந்ததும், வளிமண்டலம் குடைபோல் கவிந்து கதிர்களைத் தடுக்கின்றது. புதிய அணுக்கள் உண்டாவது நின்றுபோக, முன்னுள்ள கதிர்த்தொழிற்பாட்டு அணுக்கள் சிறிது சிறிதாக அழியத் தொடங்குகின்றன. அது சாவி கொடுப்பதை நிறுத்திய கடிகாரம் போன்றது. எஞ்சியதை அளந்தால் வீழ்ந்த காலம் தெரியும். குலம், பிரிவு, வரவு மூன்றும் பொருந்தி, கிடந்த இடமும் பொருந்துமாயின், ஒரே வீழ்ச்சி என்று துணிதல் தகும்.

இப்போது எமது கையிலுள்ள கற்பனைக் கல்லுக்கு வருவாம். முதலாவதாக, அது ஆகாயக்கல்தானா என்று பார்த்தல் வேண்டும். புல்மோட்டைக் கரையிலே இல்மனைற்று மணல் கருகருவெனக் கிடப்பதை யாவரும் அறிவர். கறுப்பும் கனமும் எமது கரையிலே அரிய குணங்களல்ல. உருகி உறைந்த மெல்லிய மேற்றோலும், உள்ளே நிக்கல் கலந்த இரும்புத் துகளும் உண்டா என்று தேட வேண்டும். உண்டாயின், 'எல்' குலமா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாயின், வரவின் காலத்தை அளக்க வேண்டும். 1795 முதல் இன்று வரை சுமார் 230 ஆண்டுகள். கரி-14 என்னும் அணு பாதியாகக் குறைய 5,730 ஆண்டு செல்லும். 230 ஆண்டில் நூற்றுக்கு மூன்று பங்களவே குறைந்திருக்கும். இத்துணைச் சிறு குறைவைக் கொண்டு துணிதல் அரிது. ஆகன்-39 பாதியாகக் குறைய 269 ஆண்டே செல்லும். ஆதலின் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவே எஞ்சியிருக்கும். பொற்கொல்லன் தராசிலே விறகு நிறுப்பாருமில்லை, விறகுத் தராசிலே பொன் நிறுப்பாருமில்லை. காலத்துக்கேற்ற கடிகாரத்தைத் தெரிந்தெடுத்தலே அறிஞர் திறமை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிட்டுப் பார்க்க முதற்கல்லின் துண்டு வேண்டும். உள்ளங்கையளவு என்று மேலே கூறினோமே, அச்சிறு துண்டு பேணப்பட்டிராவிடின் எமது வழக்கை விசாரிக்க நீதிமன்றமே இல்லை.

ஒவ்வாமையும் ஏமாற்றும்

இவ்வளவும் கற்றவர் கூட எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி 2008ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆந் தேதி, பூமியை நோக்கி வரும் ஒரு சிறு கிரகத்தைத் தொலைநோக்கியிலே கண்டனர். ஒரு நாள் கழியுமுன் அது சூடான் தேசத்துப் பாலைவனத்தின் மேல் வெடித்தது. விண்வெளியிலே கண்டு, வருமெனச் சொல்லி, பின்பு அதன் கற்களைக் கையிலெடுத்தது சரித்திரத்திலே அதுவே முதன்முறை.

கற்களைத் தேடியவர் யார்? கார்த்தூம் பல்கலைக்கழகத்து மாணவரும் ஆசிரியருமே. முவாவியா ஷத்தாத் என்னும் அவர்கள் ஆசிரியரும், ஜெனிஸ்கென்ஸ் என்னும் வானநூல் அறிஞரும் வழிநடத்த, மாணவர் பாலைவனத்திலே வரிசையாகத் தோளோடு தோள் நின்று நடந்து தேடினர். அல்மஹாத்தா சித்தா எனப் பெயர் பெற்ற அக்கற்களில் 600 வரையில் அடுத்தடுத்த தேடல்களிலே சேர்க்கப்பட்டன. எடுத்த கல் ஒவ்வொன்றின் இடமும் குறிக்கப்பட்டது.

பெரும்பாலானவை யூரெயிலைற்று என்னும் அரிய வகையின. மற்றையவையோ முற்றிலும் வேறான பல வகையின. பழைய முறைப்படி அவ்வேறு வகைக் கற்களை, முன்னரே வீழ்ந்து கிடந்த அந்நியக் கற்கள் என்று விலக்கியிருப்பர். ஆனால் அவற்றுட் சிலவற்றைச் சோதித்தபோது, சில மாதங்களிலே பாதியாகக் குறைந்துவிடும் மங்கனீசு-54 போன்ற அணுக்கள் இன்னும் இருந்தன. பழைய கல்லாயின் அவை என்றோ அழிந்திருக்கும். ஆகவே அவையும் அன்று வீழ்ந்தவையே. பல பாறைகளின் துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஆகிய கலப்புப் பிண்டமாக அச்சிறு கிரகம் இருந்தது. ஒத்திருந்தும் வெவ்வேறு வீழ்ச்சியாதல் உண்டு என்பதை ஹவாட்டின் கற்கள் காட்டின. ஒவ்வாதிருந்தும் ஒரே வீழ்ச்சியாதல் உண்டு என்பதைச் சூடானின் கற்கள் காட்டின.

மனிதர் கைபட்டுச் சிதறிய கற்களையும் இம்முறை ஒன்று சேர்த்துள்ளது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே ஹவானா என்னுமிடத்துப் பழங்கால மேட்டிலிருந்து 1945ஆம் ஆண்டிலே 22 இரும்பு மணிகள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் ஆகாயக்கல் இரும்பிலே செய்தவை அவை. 1961ஆம் ஆண்டிலே வெகுதூரத்து மினசோட்டா மாநிலத்தின் அனோக்காவிலே ஓர் இரும்புக்கல் கிடைத்தது. மணிகளின் உலோகம் அனோக்காக் கல்லின் உலோகத்தோடு பொருந்துவதை 2017ஆம் ஆண்டிலே வெளியான ஆராய்ச்சி நிறுவியது. எழுத்து விட்டுச் செல்லாத ஒரு மக்கட் கூட்டத்தின் வணிக வழியை ஒரு மணியின் நிக்கலும் இரிடியமும் எழுதிக் காட்டின!

விருப்பம் சான்று ஆகாது

எமது அயல் மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். 2012 டிசம்பர் 29ஆந் தேதி பொலன்னறுவைப் பகுதியிலே தீக்கோளம் ஒன்றைக் கண்டதாக மக்கள் கூறினர். பின்பு அரலகங்வில என்னுமிடத்து வயல்களிலிருந்து கற்கள் எடுக்கப்பட்டன. எமது நாட்டிலே பிறந்து பிரித்தானியாவிலே புகழ் பெற்ற சந்திரா விக்கிரமசிங்க என்னும் பேராசிரியரும் அவர் தோழரும், அக்கற்கள் ஆகாயக்கற்கள் என்றும், அவற்றினுள் நுண்ணுயிரின் எச்சங்கள் உள்ளன என்றும் 2013ஆம் ஆண்டிலே எழுதினர். ஆகாயக்கல் ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஏற்றிலர். கற்கள் பூமியிலே உண்டானவையாக இருக்கலாம் என்றும், நுண்ணுயிர் எச்சம் நிலத்து நீரிலிருந்து புகுந்திருக்கலாம் என்றும் அவர் கூறினர். தீக்கோளம் ஒன்று, கல் மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் பாலம் உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

நாடு எமதாயினும், அறிஞர் எம் நாட்டவராயினும், சான்றை நிறுக்கும் தராசு ஒன்றே. இவ்வுண்மை ஆகாயக்கற்களோடு நிற்பதன்று. எமது மாவட்டத்திலே நிலத்திலிருந்து எழும் ஒவ்வொரு பழங்கல்லையும் பலர் பலவாறு உரிமை கொண்டாடுவர். கல் வெளிப்பட்ட அன்றே அது எந்தக் காலத்தது, எவருக்கு உரியது என்று தீர்ப்புக் கூறப்படுகின்றது. தூணைக் கண்டவுடன் கோணேசர் கோயிற்றூண் என்று எமது நெஞ்சு துள்ளுவது இயல்பே. ஆனால் துள்ளிய நெஞ்சு எழுதும் சரித்திரத்தை நாளை மாற்றான் ஒருவன் ஒரே வினாவினால் வீழ்த்திவிடுவான். அப்போது உண்மையாகவே கோயிலுக்குரிய கற்களும் ஐயத்துக்கு உள்ளாகும். பொய்யான ஒரு சான்றைச் சேர்ப்பவன் மெய்யான பத்துச் சான்றுகளைக் கெடுக்கின்றான்.

ஆகவே எமது சங்க இளைஞரிடம் ஒரு வேண்டுகோள். வீதி அகழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, கடலிலே வலை இழுக்கும்போதோ பழங்கல் ஒன்றோ, வழக்கத்துக்கு மாறான கருங்கல் ஒன்றோ அகப்பட்டால், அதனை உடையாதீர்கள். கழுவித் தேய்த்து மெருகிடாதீர்கள். உடனே பெயர் சூட்டாதீர்கள். கிடந்த இடம், ஆழம், திசை, நாள், கண்டவர் சொல் ஆகியவற்றை ஒரு கொப்பியிலே எழுதிப் படம் பிடியுங்கள். அதன் பின் தொல்பொருட் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். இதற்குப் பொன்னும் பொருளும் வேண்டியதில்லை; ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். சூடானிய மாணவர் கொண்டு சென்றதும் அவ்வளவே.

பெரியோரிடமும் ஒரு விண்ணப்பம். கோட்டைக்குள்ளும் ஊர்களிலும் பழங்கற்கள் எங்கெங்கே கிடந்தன, எவ்வெவற்றை எவர் எங்கே பெயர்த்தனர் என்ற நினைவுகள் உங்களிடம் உள்ளன. லேகிள் ஊராரைப் பியோ வினாவியது போல எமது இளைஞர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவர். சலியாது சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் கூட்டாமலும் குறையாமலும் எழுதி வைக்கட்டும். எந்தக் கல் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை அக்குறிப்புகளைக் கொண்டு பின்வருவோர் தீர்மானிப்பர்.